மகளின் ஆய்வுக் கட்டுரைக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

உயிர்மருத்துவப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் மூளைப் படிமவியல் ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்புவதையும், அதற்கு ‘நியூரோஇமேஜ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தாக வேண்டும் என்று நம்புவதையும், அதன் வெளியீட்டுக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கலாமா என்று தாங்கள் தயங்குவதையும் கடிதத்தில் படித்தேன். வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகளைக் கொண்டு மனித மூளையின் அமைப்பையும் செயல்பாட்டையும் ஆராயும் துறையில், 1992-இல் தொடங்கிய நியூரோஇமேஜ் நெடுங்காலமாக முன்னணி இதழாக இருந்து வருகிறது. 2020 முதல் அதை எவரும் இலவசமாகப் படிக்கலாம். செலவு கட்டுரை எழுதுவோர் பக்கம் வந்துவிட்டது. 2023-இல் ஒரு கட்டுரைக்கான கட்டணம் 3,450 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய். இதைக் குறைக்கும்படி ஆசிரியர் குழு கேட்டும் எல்சிவியர் பதிப்பகம் (இதழை வெளியிடும் நிறுவனம்) இணங்காததால், அந்த ஆண்டு ஏப்ரலில், தலைமை ஆசிரியராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஸ்டீஃபன் ஸ்மித் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒருசேரப் பதவி விலகி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பதிப்பகமான எம்.ஐ.டி. பிரஸ் வழியாக ‘இமேஜிங் நியூரோசயின்ஸ்’ என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். அதன் தொடக்கக் கட்டணம் 1,600 டாலர். தங்கள் பதவியையும் பழைய இதழின் பெயரையும் விட்டுக்கொடுத்து அவர்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய இதழும் வேறு ஆசிரியர்களுடன் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் வெளியான நல்ல கட்டுரைகளின் தரம் இதனால் குறைந்துவிடவில்லை.

இத்தகைய கட்டணத்தைப் பொதுவாக ஆய்வகத்தின் திட்ட நிதியோ நிறுவனமோதான் செலுத்தும். இளநிலை மாணவியின் வீட்டார் செலுத்துவது வழக்கமன்று; முனைவர் பட்டச் சேர்க்கைக்கு அத்தகைய கட்டுரை பொதுவாக நிபந்தனையும் அன்று. பணம் கட்டினால் சில நாட்களில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் தங்கள் மகள் அறவே தவிர்க்க வேண்டும்.

தங்கள் மகள் இப்போது செலவிட வேண்டியது நேரத்தைத்தான். ஒரே எம்.ஆர்.ஐ. தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் தனித்தனியே கொடுத்தபோது, எந்த இரு குழுக்களும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை என்றும், சில கேள்விகளுக்கு அவர்களின் முடிவுகளே வேறுபட்டன என்றும் 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இத்துறையில் பகுப்பாய்வின் ஒவ்வொரு படியையும் காரணம் கூறி விளக்கத் தெரிந்தவருக்கே மதிப்பு. மேற்சொன்ன இரு இதழ்களில் ஏதேனும் ஒன்றிலிருந்து, தரவைப் பொதுவில் வைத்துள்ள ஒரு கட்டுரையை அவர் தேர்ந்தெடுக்கட்டும். முடிவுரையை விட்டு, ஆய்வுமுறைப் பகுதியை முதலில் வாசிக்கட்டும். பிறகு அந்தத் தரவைப் பதிவிறக்கி, மூளைப் படிமங்களைப் பகுப்பாய்வு செய்ய உதவும், கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் எஃப்.எஸ்.எல். (FSL) மென்பொருளில் அதே பகுப்பாய்வைச் செய்து, எங்கே முடிவு ஒத்துவந்தது, எங்கே வரவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். இதற்குப் பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியும் அடிப்படைப் புள்ளியியலும் தேவை. இரண்டையும் வீட்டிலிருந்தே கற்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ், மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் குறிப்பேட்டையே சான்றாக இணைக்கலாம்.

வருமானம் குறித்தும் கேட்டிருந்தீர்கள். முனைவர் பட்ட ஆய்வின் தொடக்க ஆண்டுகளுக்கான ஜே.ஆர்.எஃப். என்னும் தேசிய அளவிலான உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. இதைப் பெறத் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பதால், நான்காம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பொறியியல் மாணவர்கள் எழுதும் கேட் (GATE) தேர்வுக்கும் அவர் தயாராவது நல்லது. எந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அது அவருடைய இப்போதைய கணித அறிவுக்கு ஏற்றதா என்று பார்த்துச் சொல்கிறேன்.