பார்வையாளர் நின்றதும் விளக்கு அணைவது ஏன்?

கலையும் கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓவியத்தின் பின்புறம் 5 மீட்டர் டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை (ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கலாம்) ஒட்டி, ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டில் இணைத்திருக்கிறேன். ஆள் வந்தால் எரிய பிஐஆர் சென்சார். ஆள் வரும்போது எரிகிறது, நின்று பார்க்கத் தொடங்கியதும் அணைகிறது. பட்டையின் கடைசிப் பகுதி வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சளாகத் தெரிகிறது. எதை மாற்றுவது? (ஓவியர், கோவை)

பதில்: இரண்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பிஐஆர் சென்சாருக்கு ஆள் தெரியாது. உடல் வெப்பம் இடம் மாறுவதுதான் தெரியும். மாடிப்படி விளக்குக்கு அது போதும். ஓவியம் பார்க்க வருகிறவர் அசையாமல் அல்லவா நிற்பார்!

எல்டி2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாரை வாங்குங்கள். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதே அதற்குப் போதும். கான்வாஸையும் மெல்லிய பிளைவுட்டையும் ஊடுருவும் என்பதால் ஓவியத்துக்குப் பின்னாலேயே ஒளித்துவைக்கலாம். உலோகத் தகடு மட்டும் குறுக்கே வரக்கூடாது. ஒரு தொல்லை உண்டு: சுழலும் மின்விசிறியும் ஆடும் திரைச்சீலையும்கூட அதற்கு ஆள்தான். தூரத்தை 75 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் உணர்திறனைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள கட்டங்களை அடைத்துவிடுங்கள்.

பட்டைக்கு வருவோம். முழு வெள்ளையில் ஒரு விளக்கு சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும். மீட்டருக்கு 60 விளக்கு என்றால் 3.6 ஆம்பியர், ஐந்து மீட்டருக்கு 18. பட்டைக்குள் இருக்கும் செம்பு ஏடு அவ்வளவைத் தாங்காது, போகப் போக வோல்டேஜ் இறங்கிவிடும். சிவப்பு எரிய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டாவது வேண்டும். அதனால் அவை இரண்டும் முதலில் மங்க, சிவப்பு மட்டும் தூக்கலாக நிற்கிறது. தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் 5 வோல்ட் கொடுங்கள். 1.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஃப்யூஸ். முழு வெளிச்சம் எந்த ஓவியத்துக்கும் தேவைப்படாது, கண்தான் கூசும். பட்டையை இயக்கும் ஃபாஸ்ட்எல்இடி என்ற நிரல் லைப்ரரியில் மின்னோட்டத்துக்கு 8 ஆம்பியர் என்று உச்சவரம்பு வைத்தால் 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதும்.

முதல் விளக்கு தாறுமாறாக மின்னினால் காரணம் வேறு. ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட் சிக்னல். பட்டை எதிர்பார்ப்பது 3.5. நடுவில், சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஹெச்சிடி125 ஐசி ஒன்று போடுங்கள். அதன்பின் டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், பவரின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கிரவுண்ட் வயரை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள். இதைத் தவறவிட்டுப் பட்டையின் முதல் விளக்கைப் பலி கொடுப்பது இந்தத் துறையில் தினசரி நடப்பு.

கேள்வி: மூடுபனியைச் சிற்பமாக்கும் ஜப்பானியக் கலைஞர் யார்? கண்காட்சி அறைக்குள் அதைச் செய்ய முடியுமா? (கவின்கலை மாணவி, கும்பகோணம்)

பதில்: ஃபுஜிகோ நகாயா. 1970 ஒசாகா எக்ஸ்போ உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கை மூடுபனியால் போர்த்தியவர். ரசாயனப் புகை கூடாது, மக்கள் உள்ளே நடந்து மூச்சு விடக்கூடிய வெறும் தண்ணீர்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். அதற்கு வழி கண்டவர் இயற்பியலாளர் தாமஸ் மீ. மிக நுண்ணிய துளை வழியே அழுத்தத்தோடு பீச்சும் நீரை எதிரே ஒரு ஊசிமுனையில் மோதவிட்டுச் சிதறடிப்பது அவர் உத்தி. நகாயாவின் தந்தை உகிசிரோ, 1936இல் ஆய்வகத்திலேயே பனிப்படிகம் வளர்த்துக் காட்டிய விஞ்ஞானி.

அறைக்குள் அந்த முறை வேண்டாம். தரை வழுக்கும், சுவர் ஊறும். தண்ணீருக்குள் அதிர்ந்து அதை நுண்துளிகளாக்கும் 1.7 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் வட்டு ஒன்று சின்ன மேடைக்குப் போதும். வட்டுக்கு மேல் மூன்று, நாலு செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். வற்றினால் வட்டு சீக்கிரமே கருகிவிடும். தண்ணீர் குறைந்தால் வட்டை நிறுத்தும் மிதவை சுவிட்ச் கட்டாயம். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் துளி காய்ந்ததும் அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூளாகிப் பக்கத்து ஓவியங்களில் படியும். தினமும் மாலையில் தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்து உலரவிடுங்கள். தேங்கிய நீரில் வளரும் கிருமிகள் இந்தத் துளிகளோடு நேரே நுரையீரலுக்குள் போகும்.

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரிடம் உதவி கேட்டால், "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்கிறார். எப்படிச் சொல்வது? (நாடகக் குழு, மதுரை)

பதில்: அவர் கேட்பது நியாயம்தான். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் சுமார் முப்பது பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவு நிகழ்ச்சி நடத்தினார்கள். பொறியாளர்களை அழைத்து வந்தவர் அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடமான பெல் ஆய்வகத்தின் பொறியாளர் பில்லி க்ளூவர். ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் அதில் டென்னிஸ் ஆடவைத்தார். மட்டையின் கைப்பிடிக்குள் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். பந்து பட்டால் அரங்கமே அதிரும், ஒரு விளக்கு அணையும். எல்லாம் அணைந்து இருட்டானால் ஆட்டம் முடிந்தது. கவனியுங்கள், எது நடந்தால் எது நடக்கும் என்பது ஒரே வரியில் வந்துவிட்டது.

"பார்வையாளரின் தனிமையை ஒளி உணரணும்" என்றால் அவர் தலையைச் சொறிவார். "இரண்டு மீட்டருக்குள் ஒரே ஒருவர் இருந்தால், அரை நொடிக்குள், நீல விளக்கு மெல்ல எரியணும்" என்றால் மறுநாளே மாதிரி செய்து வருவார். தினம் எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை நாள், கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்க வேண்டுமா என்பதையும் எழுதிக் கொடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை "தொழில்நுட்ப உதவி" என்று மூலையில் தள்ளாதீர்கள்.

கேள்வி: பென்சிலில் வரைந்த கோட்டையே சுவிட்ச் ஆக்கலாமா? (பள்ளி ஓவிய ஆசிரியர், விருதுநகர்)

பதில்: தாராளமாக. 6பி அல்லது 8பி பென்சிலால் மூன்று, நாலு முறை அழுத்தி வரையுங்கள். கோட்டின் நுனியைச் செம்பு டேப் வழியாக ஈஎஸ்பி32 போர்டில் தொடுதலை உணரும் டச் பின்னில் இணையுங்கள். தொட்டால் அந்த போர்டின் அளவீடு குறையும். ஆன் செய்ததும் யாரும் தொடாமல் ஐம்பது முறை அளந்து சராசரி எடுத்து, அதில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் "தொட்டார்கள்" என்று கணக்கு வையுங்கள். எர்த் இல்லாத போன் சார்ஜரில் ஓட்டினால் அளவீடு அலைபாயும்.