அக்கா வீட்டு அடுக்களையும் மாமியார் வீட்டு வாசலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேஷியாவின் மேற்குச் சுமத்ராவில் காரில் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதிய பயணக் கட்டுரையைப் படித்தேன். எருமைக் கொம்பு மாதிரி வளைந்த கூரைகளும் சாலையோரத்து அருவியும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் 'இங்கே வீடும் வயலும் பெண்களுக்கு' என்று ஒரே வரி எழுதிவிட்டு அருவிக்குப் போய்விட்டீர்கள். என் பாட்டியின் குடும்பம் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழிக் குடும்பம். மாமன் சொத்துக்கு மருமகன் காத்திருந்ததும், பெற்ற பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றதும், கோர்ட்டுக்கு அலைந்ததும்தான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. 'அது ஒழிஞ்சதே நல்லது' என்பாள் பாட்டி. அங்கே இருக்கும் மினாங்கபாவ் மக்களிடம் மட்டும் அது எப்படி இன்னும் நிற்கிறது? அதுவும் முஸ்லிம் சமூகத்தில்? யூடியூபில் 'பெண்கள் ஆளும் நாடு' என்கிறார்களே, உண்மையா? அம்மாவோடு போக ஆசை. காரில் எந்த வழியாகப் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

வாசகி, நாகர்கோவில் (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அந்த ஒற்றை வரியை அப்படி விட்டது என் தப்புதான். சாலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரே நாளில் நான் பார்த்த இரண்டு வீடுகள்.

எங்கள் காரை ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். மினாங் மொழியில் அண்ணனுக்கு 'ஊடா', நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பாடாங் நகரத்தில் மனைவி பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். தானா தாத்தார் பக்கம் போனபோது, வழியில் மாமியார் வீடு இருக்கிறது, ஒரு பொட்டலம் கொடுக்க வேண்டும், ஐந்து நிமிடம் என்று வண்டியை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர் வாசலை ஒட்டிய பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். காபி வந்தது, கேக் வந்தது, நல்ல மரியாதை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாரே தவிர, தானாக எதுவும் பேசவில்லை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆன மனிதர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து அரை மணி நேரத்தில் அவருடைய அக்கா வீடு. அங்கே காரை நிறுத்தியதும் நேராக அடுக்களைக்குள் போய், விறகடுப்பில் இருந்த பெரிய இரும்புச் சட்டியின் பக்கத்தில் நின்று கரண்டியால் கிளறிப் பார்த்து 'இன்னும் காலியோதான்' என்றார். ரெண்டாங் என்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கறி மூன்று நிலை தாண்டி வருவது. தேங்காய்ப்பால் தளதளவென்று இருக்கும்போது அது குலாய், பால் சுண்டி எண்ணெய் பிரிந்து பழுப்பாகும்போது காலியோ, ஈரமே இல்லாமல் கறுத்து மசாலா கறியோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் ரெண்டாங். அதற்கு மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்க வேண்டும். அக்கா கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு எங்களுக்குத் தட்டு எடுத்து வைக்கப் போனார். இருபது நிமிடம் ஊடாதான் கிளறினார், கிளறிக்கொண்டே அக்கா மகளின் கல்யாணச் செலவைப் பற்றிப் பேச்சு.

இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது மினாங்கபாவ் ஆணின் வாழ்க்கை. மனைவி வீட்டில் அவர் 'சுமாண்டோ', வந்து சேர்ந்தவர். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் இருக்கும் சாம்பல் மாதிரி என்று அவர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள், காற்றடித்தால் பறந்துவிடும். அக்கா வீட்டில் அவர் 'மாமாக்'. தாயின் சகோதரனுக்கு அந்தப் பெயர். கேட்டதும் எனக்கு நம் மாமா வீடு ஞாபகம் வந்தது, உங்களுக்கும் வரும். அக்காவின் பிள்ளைகள் அவருடைய 'கமனாக்கான்'. அந்தப் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், நடத்தை எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் உங்கள் பாட்டி வீட்டுக் கதையிலிருந்து விஷயம் பிரிகிறது. நான் கேட்டறிந்தவரை மருமக்கள் வழியில் காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த மாமன் கையில் பிடி இருந்தது, சொத்து அவர் மூலமாக மருமகனுக்குப் போனது, அதனால்தான் மாமன் செத்த அன்றே சண்டை. மினாங்கபாவில் பரம்பரை நிலமும் பெரிய வீடும் 'புசாக்கா திங்கி', அதாவது மேலான முதுசொம். அது தாயிடமிருந்து மகளுக்கு, ஒரு குலத்துப் பெண்கள் வழியாகவே போகும். மாமாக் அதற்குக் காவல், அவ்வளவுதான். அந்த வயலில் ஒரு கைப்பிடி நெல்கூட ஊடாவின் சொந்தப் பிள்ளைகளுக்கு வராது, அவர்கள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு அங்கே வயல் இருக்கிறது.

விற்கவும் கூடாது. அடகு வைப்பதற்கு மட்டும் நான்கு காரணங்களை ஒத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பிணம் கிடந்து அடக்கம் செய்யப் பணமில்லாமல் இருந்தால், வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால், பெரிய வீட்டின் கூரை ஒழுகினால், குலத் தலைவர் பட்டத்தை மறுபடி நிலைநிறுத்த வேண்டியிருந்தால். அடுப்படியில் அன்று நடந்த பேச்சே இதுதான். அக்கா ஒரு வயலை அடகு வைத்துவிடலாமா என்று கேட்டார், கல்யாணம் என்பதால் மரபு இடம் கொடுக்கிறது. ஊடா வேண்டாம் என்றார். ஜகார்த்தாவில் இருக்கும் தம்பியும் தானும் அனுப்புகிறோம், வயலைத் தொடாதே என்றார். தனக்குப் பங்கே இல்லாத நிலத்துக்காக ஒரு மனிதர் அப்படிப் பேசியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

'இஸ்லாம் எப்படி ஒத்துக்கொண்டது' என்று கேட்டீர்கள். சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. 1803 வாக்கில் மக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள் தொடங்கிவைத்த சீர்திருத்தம், பாத்ரிகள் என்று பெயர் பெற்ற அந்தச் சீர்திருத்தக்காரர்களுக்கும் மரபுக்காரர்களுக்கும் நடந்த பாத்ரி போராக வளர்ந்தது. மரபுத் தலைவர்கள் டச்சுக்காரர்களைத் துணைக்கு அழைக்க, 1821 முதல் அவர்களும் போரில் இறங்கினார்கள். கடைசியில் மரபுக்காரர்களே பாத்ரிகளோடு சேர்ந்து டச்சுக்காரர்களை எதிர்த்தும், 1837இல் போஞ்ஜோல் கோட்டை விழுந்தது. பாத்ரிகளின் தலைவர் துவாங்கு இமாம் போஞ்ஜோல் நாடு கடத்தப்பட்டு 1864இல் வடக்குச் சுலவேசியில் இறந்தார். மரபு ஷரியத்தின் மேல் நிற்கிறது, ஷரியத் குர்ஆனின் மேல் நிற்கிறது என்ற வாசகம் அந்தக் காலத்துச் சமரசம் என்கிறார்கள், இன்றைக்கும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதோடு முடியவும் இல்லை. மக்காவின் பெரிய பள்ளிவாசலில் இமாமாக இருந்த அகமது காத்திப், இதே மலைநாட்டில் பிறந்தவர்தான், இந்தச் சொத்துரிமையை மார்க்கத்துக்கு விரோதம் என்று கடுமையாக எழுதினார், ஊர் திரும்பவும் இல்லை.

பிறகு வழி எப்படிப் பிறந்தது? சொத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பரம்பரை நிலம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை, அதனால் வாரிசுச் சட்டமே அதைத் தொடாது. ஒரு மனிதன் தன் உழைப்பில் சம்பாதித்தது 'புசாக்கா ரெண்டா', அது இஸ்லாமிய முறைப்படி அவனுடைய பிள்ளைகளுக்கு. 1952இல் புக்கித்திங்கியிலும் 1968இல் பாடாங்கிலும் உலமாக்களும் மரபுத் தலைவர்களும் கூடி இதை உறுதி செய்தார்கள். அப்பா சம்பாத்தியம் பிள்ளைக்கு, பாட்டி நிலம் பேத்திக்கு. நாஞ்சில் நாட்டில் பெற்ற மகன் வெறுங்கையோடு நின்றான் என்றீர்களே, அந்த ஓட்டையை இவர்கள் இப்படி அடைத்தார்கள். அது நின்றதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

இன்னொரு காரணம் 'மெரந்தாவ்', அதாவது பிழைப்பு தேடி வெளியூர் போவது. பழைய ரூமா காடாங்கில், அந்தக் கொம்புக் கூரை வீட்டில், அறைகள் கல்யாணமான பெண்களுக்குத்தான். பையன்களுக்கு அறை கிடையாது. வயது வந்ததும் சுராவ் என்ற தொழுகைக் கூடத்தில்தான் படுக்கை, அங்கேயே ஓதப் படிப்பதும் சிலம்பம் மாதிரியான சிலாட் கற்பதும். கல்யாணத்துக்கு முன் ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இந்தோனேஷியாவில் எந்த ஊருக்குப் போனாலும் பாடாங் சாப்பாட்டுக் கடை இருப்பது இதனால்தான். முகமது ஹத்தா, சுத்தான் ஷாரிர், அகுஸ் சாலிம் என்று அந்த நாட்டின் விடுதலைக்கு நின்றவர்களில் இத்தனை பேர் இந்தச் சின்ன மலைநாட்டுக்காரர்களாக இருந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

'பெண்கள் ஆளும் நாடு' என்பது சரியில்லை. குலத்தலைவரான பெங்ஹுலு ஆண்தான், ஊர்ச் சபையில் பேசுவதும் ஆண்கள்தான். ஆனால் வீட்டு மூத்த பெண்கள் சம்மதிக்காமல் நிலத்தில் கைவைக்க முடியாது. புதுச் சாலைக்கு நிலம் எடுக்க வரும் அதிகாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவர் கையெழுத்து போதாது, மொத்தக் குலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். காலடியில் நிலம் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். கோத்தோ காடாங்கில் ரோஹானா குதுஸ் 1911இல் பெண்களுக்குக் கைத்தொழில் பள்ளி தொடங்கினார், அடுத்த வருடம் பெண்களுக்கென்றே பத்திரிகை நடத்தினார். 1923இல் பாடாங் பாஞ்சாங்கில் ரஹ்மா எல் யூனுசியா தொடங்கிய பெண்கள் மதப்பள்ளி இன்னும் நடக்கிறது, காரில் போகும்போது பார்க்கலாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பூட்டிக் கிடக்கும் ரூமா காடாங்குகளை நிறையப் பார்த்தேன். கறுப்புப் பனைநார் வேய்ந்த கூரை போய்த் தகரம் வந்துவிட்டது, வீட்டுக்காரர்கள் ஜகார்த்தாவில் இருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு வந்து ஜன்னலைத் திறக்கிறார்கள். ஊடாவின் அக்காவும் தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறார். வயலைவிட வீட்டை நினைத்துத்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

சரி, வழி. பாடாங்கிலிருந்து புக்கித்திங்கி தொண்ணூறு கிலோமீட்டர்தான், ஆனால் ஒரே மூச்சில் போகாதீர்கள். லெம்பா அனாய் பள்ளத்தாக்கில் அருவி சாலைக்குப் பக்கத்திலேயே விழும். 2023 டிசம்பரில் மராபி எரிமலை வெடித்து, மலையேறப் போயிருந்த 24 பேர் இறந்தார்கள்; அடுத்த மே மாதம் பெருமழையில் அந்தச் சாம்பலும் பாறையும் சேறாக இறங்கி இந்தச் சாலையையே அடித்துக்கொண்டு போனது. அந்த வருடமே மறுபடி கட்டினார்கள். இருந்தாலும் கனமழை நாளில் அந்தப் பக்கம் வேண்டாம், ஓட்டுநர் நிறுத்தலாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

பாடாங் பாஞ்சாங்கிலிருந்து நேரே புக்கித்திங்கி போகாமல் வலப்பக்கம் பத்துசங்கருக்குத் திரும்புங்கள். பரியாங்கன் ஊர் அந்த வழியில். முதல் முன்னோர்கள் மராபி உச்சியிலிருந்து இறங்கி வந்து குடியேறிய இடம் என்கிறார்கள். வெந்நீர் ஊற்று இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. பழைய மினாங் அரசர்களின் பகாருயுங் அரண்மனை 2007இல் மின்னல் விழுந்து எரிந்தபிறகு மறுபடி கட்டியது, அரை மணி நேரம் போதும். பக்கத்துச் சுருவாசோவில் ஆதித்யவர்மன் என்ற அரசர் காலத்து, அதாவது 14ஆம் நூற்றாண்டுக் கால்வாய்க் கல்வெட்டு ஒன்று உள்ளூர் எழுத்தோடு தென்னிந்தியக் கிரந்த எழுத்திலும் வெட்டப்பட்டது. கடற்கரையைவிட்டு அவ்வளவு உள்ளே, மலைக்கு நடுவில், நம் பக்கத்து எழுத்து தெரிந்த ஒருவர் உளியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

பத்துசங்கரிலிருந்து பாயாகும்பு போகும் வழியில் தாபெக் பாத்தா மேட்டில் காவா டாவுன் என்ற காபி இலைப் பானம் விற்கும் கடைகள் இருக்கின்றன. காபிக்கொட்டை முழுக்க டச்சு அரசுக்கு என்று கட்டாயச் சாகுபடி நடந்த காலத்தில் பயிரிட்டவர்களுக்கு மிஞ்சியது இலைதான் என்று சொல்வார்கள், அதை வாட்டி வேகவைத்துக் கொட்டாங்கச்சியில் தருவார்கள். அப்புறம் ஹராவ் பள்ளத்தாக்கு, பிறகு புக்கித்திங்கி. அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். புதனும் சனியும் சந்தை, மேல் சந்தையில் நாசி காப்பாவ் என்ற சோறும் கறிகளும் விற்கும் பெண்கள் மேடைமேல் உட்கார்ந்து நீளக் கரண்டியால் எட்டிப் பரிமாறுவார்கள். மனிஞ்சாவ் ஏரிக்கு இறங்கும் சாலையில் 44 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. அம்மாவுக்குத் தலைசுற்றும் என்றால் மேலேயிருந்து ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை.

யார் வீட்டுக்காவது கூப்பிட்டால் போங்கள். வீட்டில் மூத்த பெண்மணியிடம் முதலில் பேசுங்கள், அவருக்குத்தான் வீடு. உங்கள் பாட்டி வீட்டுக் கதையையும் சொல்லுங்கள். நான் ஊடாவின் அக்காவிடம் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு பெண்தான் வீடு மாறிப் போவாள் என்றபோது அவர் கரண்டியை நிறுத்திவிட்டு, 'அப்படியானால் அவளுக்குக் கணவனோடு சண்டை வந்தால் எந்த வீட்டில் இருப்பாள்?' என்று கேட்டார். அம்மா அதற்கு என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.