சிரிக்கிறாள், படிக்கிறாள்... ஆனால் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. எட்டு மாதங்களுக்கு முன் நடந்த கார் விபத்தில் அவளுடைய நெருங்கிய தோழி கண்ணெதிரே இறந்துபோனாள். என் மகளுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். இப்போது நல்ல மார்க் வாங்குகிறாள், சிரித்துப் பேசுகிறாள். “அவள் தேறிவிட்டாள், நீதான் பழசைக் கிளறுகிறாய்” என்கிறார் கணவர். ஆனால் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி. பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. அவளிடம் பேசலாமா?

பதில்: பேசலாம், பேச வேண்டும். மார்க்கையும் சிரிப்பையும் வைத்து ஒரு பிள்ளை தேறிவிட்டதாக முடிவு கட்ட முடியாது.

அதற்காக அவள் நடிக்கிறாள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பகலில் தோழிகளோடு சிரிப்பது உண்மையான சிரிப்பாகவே இருக்கலாம். இரவில் பிரேக் சத்தம் காதில் கேட்டு விழித்துக்கொள்வதும் உண்மையாக இருக்கலாம். விபத்துக்குப் பிறகு நீங்கள் அழுததை அவள் பார்த்திருப்பாள். ‘இவர்களுக்கு இன்னும் பாரம் ஏற்றக் கூடாது’ என்று அன்றே முடிவெடுத்திருக்கலாம். போதாததற்கு, ‘அவள் போய்விட்டாள், நான் மட்டும் ஏன் பிழைத்தேன்’ என்ற குற்ற உணர்வு. வெறும் சிராய்ப்போடு தப்பியவளுக்கு, வலிக்கிறது என்று சொல்லவே உரிமை இல்லாததுபோல் தோன்றும். “கடவுள் உன்னைக் காப்பாற்றிவிட்டார்” என்று உறவினர்கள் ஆறுதலாகச் சொல்வதும் இந்த இடத்தில்தான் போய்க் குத்தும். அப்படியானால் தோழியை ஏன் காப்பாற்றவில்லை என்று அவள் கேட்டுக்கொள்ள மாட்டாளா?

மார்க் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. புத்தகத்தை மூடினால் அந்தக் காட்சி வந்துவிடும் என்பதால் நள்ளிரவு வரை படிக்கும் பிள்ளைகள் உண்டு. வெளியே அது பொறுப்பாகத்தான் தெரியும்.

தலைவலியும் வயிற்றுவலியும் சாக்கு அல்ல. உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விறைப்பாக இருந்தால் வலி நிஜமாகவே வரும், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும். சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறாளா, காரில் ஏறத் தயங்குகிறாளா, தோழியின் பேச்சு வந்தால் எழுந்து போகிறாளா என்று பாருங்கள். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயா என்று பரிசோதிப்போம். துயரம், மனச்சோர்வு என்றும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது.

நேருக்கு நேர் உட்கார்த்திவைத்து விசாரிக்க வேண்டாம். துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, “ராத்திரி தூக்கம் வரலையோன்னு தோணுது. எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு, நான் உடைஞ்சு போயிட மாட்டேன்” என்று சொன்னால் போதும். “ஒண்ணுமில்ல, விடும்மா” என்பாள். சரி என்று விட்டுவிடுங்கள்; சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். விபத்தை விவரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: சாக வேண்டும் என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, காயத்தை மறைப்பதுபோல் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை விடாமல் போட்டுக்கொண்டாலோ, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி, பதின்வயதினரைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவரிடம் இந்த மாதமே நேரம் வாங்குங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்தான் என்று உறுதியானால், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை) நல்ல பலன் தருகிறது. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள், அவற்றில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. இந்த வயதில் மாத்திரை முதல் சிகிச்சை அல்ல. நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கணவரையும் கூட அழைத்துப் போங்கள். ஆனால் மகள் மருத்துவரோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும். வெளியே வந்ததும் “என்ன கேட்டார், என்ன சொன்னே?” என்று துருவ வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவரே உங்களிடம் சொல்லிவிடுவார்.