ஈ, புழு மரபணு ஆராய்ச்சியால் மனித இதயத்துக்கு என்ன பயன்?

"வரிப்பணத்தில் ஈயையும் புழுவையும் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களே, இதய நோயாளிக்கு அதனால் ஒரு பைசா பிரயோசனம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ அந்தப் படிப்புக்குப் போகிறார்கள், உங்களுக்கு அதில் விருப்பமில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்தது. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம், பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். நான் விலங்கியல் முடித்துப் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்கப் போனபோது, "இங்கே புழுவோடு கிடந்தது போதாதா?" என்றார் சித்தப்பா.

நேரடிப் பயன்தான் வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். பழ ஈயில் டின்மேன் என்றொரு மரபணு உண்டு. அது இல்லாவிட்டால் ஈயின் கருவில் இதயமே உருவாகாது என்று 1993இல் கண்டார்கள். அதற்கு இணையான மனித மரபணு பழுதானால் பிறவியிலேயே இதயக் கோளாறு வருகிறது என்பது 1998இல் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது தெரிந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை, என் அம்மாவுக்காக.

அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதில் உதிரப்போக்கு நிற்கவில்லை. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எங்கள் பக்கம் இது சர்வ சாதாரணம். "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்பார்கள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் பி.எஸ்.ஓ. என்று மூன்றெழுத்து மட்டும் இருந்தது; இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்தாயிற்று என்பதன் சுருக்கம் அது. அப்புறம் உடம்பெல்லாம் திகுதிகுவென எரிகிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்று வேறொரு டாக்டரிடம் போனோம். ஹார்மோன் மாத்திரை தரலாமா என்ற பேச்சு வந்தபோது, "வேண்டாம், அது இதயத்துக்கு ஆகாது" என்று முடித்துவிட்டார். ஐம்பது வயதுக்கு முன்பே அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து, வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டே நாள் கடத்தி, கடைசியில் ஸ்டென்ட் வைக்கும்படி ஆனது.

அந்த "இதயத்துக்கு ஆகாது" எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் படித்தேன். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஹார்மோன் மாத்திரைச் சோதனையை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு மூன்றும் கூடியிருந்தன. மாரடைப்பு மட்டும் ஆண்டுக்கு 10,000 பேரில் 7 பேருக்குக் கூடுதல். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயது வரையிலானவர்கள், சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்கியவர்களிடம் அந்த இதய ஆபத்து அப்படிக் கூடவில்லை என்று 2007இல் அதே விவரங்களைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதில் சினைப்பையை இழந்தவர்களின் கதையே வேறு. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் திடீரென்று நின்றுபோவதால்தான் அவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. தடை ஏதும் இல்லாவிட்டால் இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை ஹார்மோன் தரலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். அறுபத்து மூன்று வயதுக்காரிக்குச் சொன்னதை என் அம்மாவுக்கும் சொல்லிவிட்டார்கள்.

அதே ஹார்மோன், கொடுக்கும் நேரம் மாறினால் பலனும் மாறும் என்பதை நான் முதலில் படித்தது பட்டுப்புழுவில்தான். புழுவின் தலைக்குள் இளமை ஹார்மோன் சுரக்கும் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும்வரை புழு தோலுரித்துத் தோலுரித்துப் புழுவாகவே வளரும். கடைசியான ஐந்தாம் பருவத்தில் அது அடங்கி, தோலுரிக்க வைக்கும் எக்டைசன் என்ற இன்னொரு ஹார்மோன் மேலெழும்போது கூடு கட்டும். 1938இல் பூனியோல் என்பவர் அந்தச் சுரப்பியை இளம்புழுவிலேயே வெட்டி எடுத்தார். புழு வளர வேண்டிய காலத்துக்கு முன்பே சின்னஞ்சிறு கூடு கட்டிக்கொண்டது. அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் ஆபரேஷன்தான் ஞாபகம் வந்தது.

1929இல் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான ஜெர்மன் வேதியியலாளர் பூட்டனான்ட்தான், 1954இல் கார்ல்சனோடு சேர்ந்து 500 கிலோ பட்டுக்கூட்டுப் புழுவிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசனைப் பிரித்தெடுத்தார். 1960இல் கார்ல்சனும் கிளெவரும் அதைக் கைரோனமஸ் என்ற பூச்சியின் புழுவுக்குச் செலுத்தியபோது, சிறிது நேரத்திலேயே, மரபணுக்கள் அடங்கிய குரோமோசோமின் குறிப்பிட்ட இடங்கள் உப்பின. ஹார்மோன் நேரே மரபணுவைத் தட்டி எழுப்புகிறது என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி அதுதான். எக்டைசனை வாங்கிக்கொள்ளும் புரதமும், நம் உடம்பில் ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்ளும் புரதமும் ஒரே குடும்பம். புழுவைப் படித்தால் அம்மாவின் ஹார்மோனும் புரியும் என்பது இதனால்தான்.

"டாக்டரைவிட உனக்குத் தெரியுமா?" என்று யாராவது வருவார்கள். தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தது. மாத்திரை கொடுத்திருந்தால் ஸ்டென்ட் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் ஹார்மோன் சாப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

     

சரி, பிள்ளையைப் படிக்க விடுங்கள். அதோடு, உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் கர்ப்பப்பை எடுத்திருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். சினைப்பையும் போயிருந்தால், எந்த வயதில் என்பதையும் சேர்த்து இதய டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.