வன்னியில் தண்ணீர்க் கரையோரம் ஓய்வுகால வீடு, படகும் வேண்டும்: எங்கே, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் கனடாவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மனைவியோடு இலங்கையின் வன்னிக்குத் திரும்ப இருக்கிறார். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வீடு, வாசலிலேயே ஒரு படகு, நினைத்த நேரத்தில் இறங்கிப் போகும் வசதி. இதற்கு முல்லைத்தீவுக் கடற்கரை நல்லதா, நந்திக்கடலா, மன்னார்ப் பக்கமா, அல்லது ஒரு குளக்கரையா என்று கேட்டிருக்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகைக் கரையில் வையுங்கள், வீட்டை உள்ளே மேட்டுக் காணியில் கட்டுங்கள். இரண்டையும் ஒரே வேலிக்குள் தேடினால் வன்னியில் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும். நான் குடியிருப்பது மேற்குப் பக்கம் முழங்காவிலில், என் படகு நிற்பது அதையடுத்த கரையில், நாச்சிக்குடாவில். தாயின் ஊர் முல்லைத்தீவுப் பக்கம் சிலாவத்தை என்பதால் கிழக்குக் கடலும் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்பு காற்றைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் பலர் யூலை, ஓகஸ்ட் விடுமுறையில்தான் காணி பார்க்க வருகிறார்கள். அது சோழகம் வீசும் காலம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று முல்லைத்தீவில் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி அடிப்பதால், அலை படுத்துக் கிடக்கும். அளம்பிலிலோ செம்மலையிலோ நின்று பார்ப்பவருக்கு அந்த இடத்திலேயே முற்பணம் கொடுத்துவிடத் தோன்றும். அதே கரைக்குக் கார்த்திகை, மார்கழியில் வந்து பாருங்கள். வாடைக்காற்று வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து நேரே மோதும். ஒதுங்குவதற்குக் குடா இல்லாத திறந்த கரை அது. தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்பவர்களே படகுகளை மணல்மேட்டில் ஏற்றிவிட்டு நாட்கணக்கில் காத்திருப்பார்கள்.

சாதாரண நாளிலும் அந்தக் கரையில் படகு இறக்குவது லேசான வேலை இல்லை. நான்கைந்து பேர் தோள் கொடுத்துப் படகை உருளைக் கட்டைகளின்மேல் தள்ளி நீர் விளிம்புக்குக் கொண்டுவருவார்கள். அங்கே நின்று அலைகளைப் பார்ப்பார்கள். பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து உடைந்ததும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த இடைவெளியில் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கடலுக்கு நேராகப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளி, கடைசி ஆள் தாவி ஏறுவதற்குள் எஞ்சின் இயங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் குறுக்காகத் திரும்பினாலும் அடுத்த அலை படகைப் புரட்டிவிடும். அறுபத்தைந்து வயதில் கணவனும் மனைவியும் தனியாகச் செய்யக்கூடிய காரியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மேற்குக் கரையில் கணக்கு தலைகீழ். மன்னாரிலும் நாச்சிக்குடாவிலும் வாடைக் காலத்தில் கடல் ஓரளவு அடங்கி இருக்கும், மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் புரட்டியெடுக்கும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களும் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. இரண்டு கரையும் ஒன்றாக அமைதியாக இருப்பது மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரைதான். ஆகவே காணி விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் துறையில் வருடத்தில் எத்தனை மாதம் படகு இறங்கும் என்பது. அவர் மழுப்பினால் பக்கத்து மீனவர் வாடியில் வலை பொத்திக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை.

அடுத்தது ஆழம். மேற்கே பாக்கு விரிகுடாவில் அலையின் தொல்லை குறைவு என்றால், ஆழமும் அவ்வளவு குறைவு. வற்று நேரத்தில் என் படகு கரையிலிருந்து நல்ல தூரம் தள்ளி நிற்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில், சேற்றில் நடந்து போய்த்தான் ஏற வேண்டும். அந்த நடைக்கும் ஒரு முறை உண்டு. காலைத் தூக்கி வைக்கக் கூடாது, பாதத்தைச் சேற்றோடு உரசியபடி நகர்த்த வேண்டும். கீழே திருக்கை படுத்திருந்தால் அந்த அசைவை உணர்ந்து விலகிப் போய்விடும், தூக்கி வைத்து மிதித்தால் முள்ளால் அடித்துவிடும். படகில் ஏறிய பின்பும் எஞ்சினை உடனே இறக்க முடியாது. மரக்கோலை ஊன்றித் தள்ளித் தள்ளி ஆழத்துக்குப் போக வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மன்னார்ப் பெருநிலத்தில் விடத்தல்தீவில் கண்டல் (அலையாத்தி) மரங்களுக்கு நடுவே வாய்க்கால் வழியாகப் படகுகள் போய்வருகின்றன. பார்க்க அழகான இடம். அதைச் சூழ்ந்த கடலும் கண்டலும் 2016 முதல் இயற்கை ஒதுக்கிடம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கனடாவில் பழகிய படகைக் கொள்கலனில் அனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அடிப்பாகம் ஆழமாக இறங்கும் படகு இந்தக் கடலில் தரைதட்டும். இங்குள்ள ஃபைபர் படகுகளின் தட்டையான அடி இந்த ஆழத்துக்கென்றே அமைந்தது. எஞ்சினின் எடையையும் நினைவில் வைத்திருங்கள். 15 குதிரைவலு எஞ்சின் 35 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இரவில் கழற்றிக் கொண்டுவந்து பூட்டி வைக்கும் வழக்கம் உள்ள துறைகளில், தினமும் அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும்.

நந்திக்கடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். அகன்ற நீர்ப்பரப்பு, அலை கிடையாது, ஒரு பக்கம் வற்றாப்பளை அம்மன் கோயில், முல்லைத்தீவு நகரம் பக்கத்தில். ஆனால் அது ஆழமில்லாத களப்பு, கடலை ஒட்டிய உப்பேரி. ஆவணியில் ஓரங்கள் வற்றி, வெடித்த சேற்றின்மேல் உப்புப் பூத்துக் கிடக்கும். உங்கள் படித்துறைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு பெரிய வெட்டவெளி விரிந்துவிடும். மாரி மழை பெய்ததும் அதே தண்ணீர் படி ஏறி வரும். வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டப்பட்டுக் கடலோடு சேரும்வரை தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் நிற்கும். அதோடு நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். களப்போரக் காணி எதுவானாலும் எல்லைக்கல் எங்கே விழுகிறது என்று வனசீவராசிகள் திணைக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயம். வன்னியில் வெறும் கரை என்று ஒன்று கிடையாது. ஆளில்லாமல் கிடப்பதுபோல் தெரியும் மணல் ஒரு சம்மாட்டியின், அதாவது ஆள் வைத்து வலைத்தொழில் நடத்தும் முதலாளியின், கரைவலைப் பாடாக இருக்கும். விடிகாலையில் இருபுறமும் ஆட்கள் கயிறு பிடித்து வலை இழுக்கும் நிலம் அது. அங்கே நீங்கள் நங்கூரம் போட்டால் வலை கிழியும். களப்பிலும் ஆழமில்லாத கடலிலும் சிறகுவலை கட்டும் தடிகள் நட்டிருக்கும். பூநகரி, கிராஞ்சி, வலைப்பாட்டுப் பக்கங்களில் அண்மை ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகளும் வேலியடைத்து வந்துவிட்டன, அவற்றால் ஊருக்குள் போராட்டங்களும் நடந்தன. இரவில் இந்திய இழுவைப் படகுகள் வந்து அறுத்துவிட்டுப் போகும் வலைகளுக்கு நட்டஈடு இல்லாமல் தவிக்கும் மக்கள் இவர்கள். இதற்கு மேல் பொழுதுபோக்குப் படகு ஒன்றும் வந்து வலையை வெட்டினால் யார் பொறுப்பார்கள்? இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து, திரும்பி வந்து இந்தக் கரையைப் பிடித்து எழுந்தவர்கள். இரணைதீவு மக்கள் 1992இல் விட்டுப்போன தீவுக்கு 2018இல் தாங்களாகவே படகேறிப் போய் இறங்கியதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரையில் வேலி போட்டு அவர்களுடைய பாதையை மறிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

காணி வாங்கும் முன்பே கடற்றொழிலாளர் சங்கத் தலைவரைப் போய்ப் பாருங்கள். படகை எங்கே நிறுத்தலாம், எந்தப் பக்கம் போகக் கூடாது, இறங்குதுறைக்கு என்ன கட்டணம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். படகுப் பதிவையும் கடலில் இறங்கும்போது கடற்படைக் காவலிடத்தில் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறையையும் அவர்களே சொல்லித் தருவார்கள். சங்கத்தின் சம்மதத்தோடு இறங்கும் படகுக்கு ஊரே காவல். நேரம் தப்பினால் தேடிவர ஆள் இருக்கும். இளைப்பாறிய வயதில் அதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

வீட்டை ஏன் உள்ளே கட்டச் சொல்கிறேன் என்பதற்கு 2004 டிசெம்பர் 26 சுனாமி ஒன்றே போதும். முல்லைத்தீவுக் கரையில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்லி அழ ஆட்கள் உண்டு. அதன் பின்பு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்து, பிறகு தளர்த்தப்பட்டது. இன்றும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு சேரும் களப்புகளில் அது முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே போகும். அதற்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். புயலும் இருக்கிறது. 1964இல் தலைமன்னார் இறங்குதுறையை அழித்த புயலும், 2020இல் வந்த புரேவியும் திருகோணமலைப் பக்கம் ஏறி வன்னியைக் குறுக்கே கடந்துதான் போயின.

கிணறு இன்னொரு காரணம். கரையோர மணலில் நன்னீர் மெல்லிய படையாக உப்புநீரின்மேல் நிற்கிறது. மின்மோட்டார் வைத்து இறைக்க இறைக்க உவர் ஏறும். மாரியில் இனிக்கும் கிணற்றை நம்பாதீர்கள். புரட்டாதியில் வந்து ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

கடல் வேண்டாம், துடுப்புப் போட்டுக் காலையில் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும் என்றால் குளங்கள் அருமை. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு, மன்னாரில் கட்டுக்கரைக்குளம். தை, மாசியில் குளம் நிறைந்து நிற்கும்போது விடியற்காலையில் அதில் தோணி விடும் சுகத்தைக் கடல் தராது. ஆனால் அங்கேயும் வீடு கரையில் கூடாது. அலைகரை, அதாவது குளம் நிறையும்போது தண்ணீர் ஏறும் ஓரம், குளத்தின் ஒதுக்கீடு, அதற்கு உறுதிப் பத்திரம் எழுதித் தருபவர் உங்களை ஏமாற்றுகிறார். அணைக்குக் கீழே இருப்பது வயல் நிலம், அதை நிரப்பி வீடு கட்டுவதற்குக் கமநலச் சட்டம் இடம் தராது. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் எவ்வளவு தூரம் தண்ணீர் போனது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். குளத்துக்குள் முதலை உண்டு, காட்டோரத்தில் யானை உண்டு. தோணி விடுவதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தையும் கேட்க வேண்டும்.

காணி உரிமை பற்றிச் சுருக்கமாக. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடை இல்லை, பெற்றோரிடமிருந்து உரிமையாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. 55 வயது கடந்தவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு வயதின் அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம். அதை முதலில் முடியுங்கள். உறவினர் பெயரில் வாங்கி வைப்பது கடைசியில் உறவையும் காணியையும் சேர்த்துக் கெடுக்கும். வன்னியில் பெரும்பகுதி உறுதிக் காணி அல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அது கைமாறாது. ஒரே துண்டுக்கு இடம்பெயர்வுக்கு முன் ஒருவரும் பின் ஒருவரும் உரிமை கோருவதும் நடக்கிறது. கண்ணிவெடி அகற்றிய பகுதிதானா என்பதையும் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள்.

மருத்துவத்துக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எல்லாவற்றிலும் மாவட்ட வைத்தியசாலைகள் உள்ளன. ஆனால் இதயம், மூளை சம்பந்தமான அவசரம் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான். எங்கள் பக்கத்தின் பெரிய நன்மை அதில்தான் இருக்கிறது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னார் வீதி வழியே நேராக யாழ்ப்பாணம் போய்விடலாம். கிழக்குக் கரையில் கொக்கிளாயிலிருந்து நடு இரவில் அதே வைத்தியசாலைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் தெரிவு பூநகரியிலிருந்து முழங்காவில் வரையான மேற்குப் பக்கம். வீடு வீதியோரம், மேட்டில், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு. படகு குடாவில், சங்கத்தின் துறையில். சேற்றில் நடக்க முடியாதவர் வவுனிக்குளப் பக்கம் பார்க்கட்டும். முல்லைத்தீவுதான் பிறந்த மண், அங்கேதான் கண் மூட வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், மனத்தை நான் தடுக்க முடியாது. சிலாவத்தையிலோ முள்ளியவளையிலோ உள்ளே வீடு கட்டி, பங்குனி முதல் புரட்டாதி வரை மட்டும் படகை நினையுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு முழு வருடம் வாடகைக்கு இருங்கள். ஐப்பசியில் தொடங்குங்கள், அப்போது வெள்ளம், வாடை, வற்று, சோழகம், உவர்க் கிணறு எல்லாம் வரிசையாக வந்துபோகும். அந்த வருடத்தில் சொந்தப் படகு வாங்க வேண்டாம், சங்கத்தில் ஒருவரோடு கூலி பேசிக்கொண்டு போய்வாருங்கள். கனடாவிலிருந்து எதையாவது கொண்டுவருவதென்றால் இரண்டு நல்ல உயிர்காப்பு அங்கிகளைக் கொண்டுவாருங்கள், உங்கள் இருவரின் அளவுக்கும் சரியாக.