மகள் காணாம போன கேஸ்: பையன் பேரை ஃபேஸ்புக்ல போட்டதுக்கு வக்கீல் லெட்டர் வந்திருக்கு, என்ன செய்யலாம்?

தென்னாப்பிரிக்காவுல சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. டர்பன்ல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிச்சிட்டிருந்த மக, 20 வயசு, கூட்டாளிங்களோட தங்கியிருந்த வாடகை வீட்ல இருந்து ஒரு சாயங்காலம் கிளம்புனவ திரும்பி வரல, ரெண்டு வருஷம் தாண்டிருச்சு. கடைசியா அவளோட போன்ல பேசுனது கூடப் படிச்ச ஒரு பையன், போலீஸ் அவனை கூப்பிட்டு விசாரிச்சு அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசம் முன்னாடி இவங்க அவன் பேர், போட்டோ, வீட்டு அட்ரஸ் எல்லாம் போட்டு "என் மகளை கொன்னது இவன்தான்"னு ஃபேஸ்புக்ல எழுதிட்டாங்க, அது ஊர் முழுக்க ஷேர் ஆயிருச்சு. இப்ப பையனோட அட்டர்னி கிட்ட இருந்து லெட்டர்: போஸ்ட்ட எடுக்கணும், மன்னிப்பு கேக்கணும், 180,000 ராண்ட் கட்டணும், 10 நாள் டைம். "கேஸ் போடட்டும் சார், அப்பதான் அவனை கூண்டுல ஏத்தி என் பொண்ணு எங்கன்னு கேக்க முடியும், நான் நினைக்கிறது சரிதானே?"ன்னு முடிச்சிருக்காங்க.

சரியில்ல அக்கா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ஆறு பக்கத்துல அஞ்சு பக்கம் ஸ்டேஷன்ல முதல் நாள் 24 மணி நேரம் கழிச்சு வாங்கன்னு சொன்னது, காலேஜ் கேட் கேமரா பதிவு அழிஞ்சது, பையன் வீட்டுக்காரங்க கோயில்ல முகத்தை திருப்பிக்கிட்டது. எல்லாம் வலிக்குற விஷயம்தான், ஆனா அந்த அட்டர்னி லெட்டருக்கு பதில் சொல்ல எதுவும் உதவாது. இதுல சட்டப்படி முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணு: "கொன்னான்"ங்கறதை நிரூபிக்க உங்க கையில இன்னைக்கு என்ன இருக்கு?

நம்ம நாட்டு சட்டத்துல, ஒருத்தரை பத்தி கேவலமா எழுதி நாலு பேர் படிச்சாங்கன்னு காட்டிட்டாலே போதும், அது தப்புதான், வேணும்னே செஞ்சதுதான்னு கோர்ட் எடுத்துக்கும். அப்புறம் இல்லன்னு காட்ட வேண்டிய சுமை எழுதுனவங்க தலையில. அதுலயும் உண்மைன்னு காட்டுனா மட்டும் பத்தாது, அதை வெளிய சொன்னது பொது நன்மைக்குன்னும் காட்டணும். அவன் கொல்லலன்னு அவன் நிரூபிக்க வேண்டியதே இல்ல. உங்ககிட்ட இருக்குறது கடைசி போன் கால், அவன் மாத்தி மாத்தி பேசுனது, உங்க மனசு. உடம்பு கிடைக்கல, சட்டத்தோட கண்ணுல உங்க பொண்ணு இன்னும் உயிரோடதான் இருக்கா. இத வச்சு கொலைன்னு எந்த ஜட்ஜ் முன்னாடி போய் நிக்கிறது?

அடுத்தது அந்த கூண்டு. இந்த ஒரு நினைப்புலதான் நிறைய பேர் வீட்டை இழக்குறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். விவரம் தெரிஞ்ச அட்டர்னி முதல்ல ட்ரையலுக்கு போகமாட்டார், மோஷன்ல, அதாவது மனு போட்டு, இன்டர்டிக்ட்னு சொல்ற தடை உத்தரவு கேப்பார். அதுல எல்லாமே அஃபிடவிட்தான், சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்குற வாக்குமூலம், அவன் ஒண்ணு எழுதி கையெழுத்து போடுவான், நீங்க ஒண்ணு எழுதுவீங்க, ஜட்ஜ் பேப்பரை பாத்து முடிவு பண்ணுவார், பொதுவா நேர்ல சாட்சியும் கிடையாது குறுக்கு விசாரணையும் கிடையாது. நீங்க ஆசைப்பட்ட அந்த கூண்டே அங்க இல்ல. பணம் கேட்டு ட்ரையல் நடந்து அவன் சாட்சி சொல்ல வந்தாலும், தன்னை கிரிமினல் கேஸ்ல மாட்டிவிடுற கேள்விக்கு பதில் சொல்லமாட்டேன்னு சொல்ற உரிமை அவனுக்கு இருக்கு. போலீஸ் டாக்கெட்ட, அதாவது விசாரணை ஃபைலை, வரவழைக்கலாம்னு நினைக்காதீங்க, விசாரணை முடியாத டாக்கெட்ட உங்க சிவில் கேஸுக்காக தூக்கி தரமாட்டாங்க.

இதை விட பெரிய ஆபத்து உங்க பதில் அஃபிடவிட்ல இருக்கு. போஸ்ட்ட நியாயப்படுத்தணும்னா உங்களுக்கு தெரிஞ்சதை எல்லாம் அதுல கொட்டணும். அந்த வாடகை வீட்ல மகளோட கூட இருந்த பொண்ணு உங்ககிட்ட ரகசியமா சொன்னாளே, அது அவ பேரோட உள்ள போகும், ஒரு காப்பி நேரா பையன் கைக்கு போகும். போலீஸ் இன்னும் அவகிட்ட முழுசா வாக்குமூலம் வாங்கியிருக்காங்களான்னே உங்களுக்கு தெரியாது. நாளைக்கு நிஜமாவே அவன் மேல கிரிமினல் கேஸ் வந்தா, இன்னைக்கு கோவத்துல எழுதுன அஃபிடவிட்டுக்கும் அன்னைக்கு நீங்க சொல்ற சாட்சிக்கும் இருக்குற சின்ன சின்ன முரண்பாட்டை வச்சுத்தான் அவன் வக்கீல் தப்பிக்க வைப்பார். பிள்ளைக்கு நியாயம் கேக்கப் போய், இருந்த ஒரே சாட்சியை கெடுத்துக்கிட்டு வந்த பெத்தவங்களை நான் பாத்திருக்கேன். அவங்க கட்டுன காஸ்ட்ஸ், அதாவது எதிர் பக்கத்து கேஸ் செலவு கூட அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும்.

உங்க வீட்டுக்காரரும் தம்பியும் அந்த போஸ்ட்ட ஷேர் பண்ணி மேல வேற எழுதியிருக்காங்கன்னு சொல்றீங்க. 2013ல பிரிட்டோரியா ஹைகோர்ட் ஒரு ஃபேஸ்புக் கேஸ்ல, எழுதுன மனைவியோட சேத்து, டேக் பண்ணினது தெரிஞ்சும் தன் பேரை எடுக்காம விட்ட கணவரையும் 40,000 ராண்டுக்கு பொறுப்பாக்குச்சு. உங்க ஆளுங்க அதை விட ஒரு படி மேலயே போயிருக்காங்க, இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற வாய்ஸ் நோட்டும் இதே கணக்குதான்.

வாரா வாரம் அவன் வீட்டு வாசல்ல போட்டோவோட போய் நிக்கிறேன்னு கடைசி பக்கத்துல ஒரு வரியில சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு அதுதான் ரொம்ப பயமா இருக்கு. 2011ம் வருஷத்து ஹராஸ்மென்ட் சட்டப்படி அவன் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல போய் நீங்க கிட்ட வரக்கூடாதுன்னு ப்ரொடெக்ஷன் ஆர்டர் வாங்கலாம், அந்த ஆர்டரோடவே கைது வாரண்ட்டும் தயாரா எழுதி நிறுத்தி வச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் ஒரு தடவை போய் நின்னாலும் உள்ள போறது நீங்கதான். அப்புறம் போலீஸ்காரங்க பேச்சு மகளை விட்டுட்டு உங்களை பத்தி மாறிரும். போகாதீங்க அக்கா, கோயில்ல பாத்தாலும் விலகிப் போங்க.

அதனால செட்டில் பண்ணுங்க. போஸ்ட்ட இன்னைக்கு ராத்திரியே எடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி கமெண்ட்ஸோட முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அதுல யாராவது அவளை எங்கயோ பாத்தேன்னு எழுதியிருக்கலாம். 180,000ங்கறது பேரம் ஆரம்பிக்கிற நம்பர். 2011ல அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு துணை ஹெட்மாஸ்டரை கேவலப்படுத்துன ஸ்கூல் பசங்க கேஸ்ல, மன்னிப்பும் கேக்கணும், 25,000 ராண்டும் கட்டணும்னுதான் சொல்லுச்சு. உங்க குற்றச்சாட்டு அதை விட பெருசு, ஆனாலும் சீக்கிரம் மன்னிப்பு கேட்டா தொகை இறங்கும். பதிலை வித்தவுட் ப்ரெஜுடிஸ்னு (சமரசத்துக்கு சொல்றதை பின்னாடி கோர்ட்ல உங்களுக்கு எதிரா காட்டக்கூடாதுன்னு அர்த்தம்) போட்டு உங்க அட்டர்னி மூலமா அனுப்புங்க, மன்னிப்பும் அவங்க அட்டர்னி செலவுல ஒரு பங்கும் தரேன்னு ஆரம்பிக்கலாம்.

மன்னிப்பு வாசகத்துல ஜாக்கிரதையா இருங்க. "நான் எழுதுனதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல, அதை வாபஸ் வாங்குறேன், வருத்தப்படுறேன்"ங்கறதோட நிக்கணும். "அவருக்கு இதுல எந்த சம்பந்தமும் இல்ல"ன்னு எழுதி நீட்டுவாங்க, அதுல கையெழுத்து போடாதீங்க, அது உங்களுக்கு தெரியாத விஷயம். மகளைத் தேடுறதை பத்தி இனிமே பேசமாட்டேன், போலீஸ்ல எதுவும் சொல்லமாட்டேன்ங்கற மாதிரி ஒரு வார்த்தை உள்ள வந்தாலும் ஒத்துக்காதீங்க. போலீஸ்கிட்ட நீங்க உண்மைன்னு நம்பி சொல்ற சந்தேகத்துக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு, அவன் பேரை அங்க ஆயிரம் தடவை வேணா சொல்லுங்க. கொலைக்கும் ஆள் கடத்தலுக்கும் இந்த நாட்டுல காலாவதி கிடையாது, இருபது வருஷம் கழிச்சும் அவன் மேல கேஸ் போடலாம்.

போலீஸ் மேல கேஸ் போடுறதுன்னா, 24 மணி நேர காத்திருப்புன்னு ஒரு விதியே இல்ல, அவங்க செஞ்சது தப்புதான். மோசமா தேடுனதுக்கு போலீஸை பொறுப்பாக்கலாம்னு 2022ல அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லியும் இருக்கு. ஆனா 6 மாசத்துல கொடுக்க வேண்டிய நோட்டீஸை நீங்க கொடுக்கல, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனியா கேக்கணும், கேஸ் போடுறதுக்கான 3 வருஷக் கெடுவும் நெருங்குது. இதை தனியா ஒரு அட்டர்னிகிட்ட இந்த மாசமே காட்டுங்க, பையன் விவகாரத்தோட கலக்காதீங்க.

இன்னொண்ணு, உங்க லெட்டர்ல எங்கயும் காணோம்: நீங்களோ அப்பாவோ டிஎன்ஏ சாம்பிள் கொடுத்திருக்கீங்களா? 2013ம் வருஷத்து சட்டப்படி தேசிய டிஎன்ஏ பதிவுல காணாம போனவங்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் தனி பிரிவு இருக்கு, குடும்பத்து சாம்பிள் இருந்தா அங்க ஒப்பிட்டுப் பாக்க முடியும். கேக்கவே கை நடுங்கும்னு தெரியும். டாக்கெட் நம்பரோட விசாரணை அதிகாரிகிட்ட போய் எழுத்துல கேளுங்க, கேட்டதுக்கு முத்திரை போட்ட காப்பி வாங்கிக்கோங்க. அட்டர்னி லெட்டருக்கான பதில் பத்தாவது நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம், இந்த வாரமே போகட்டும்.