ஃபேஸ்புக் பக்கத்தை ஏஜென்டிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: பவானியில் கைத்தறி ஜமக்காளக் கடை வைத்திருக்கிறோம். நேரில் வருகிற கூட்டம் குறைந்துவிட்டது. சோஷியல் மீடியாவில் விற்றுத் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். மாதம் 12,000 ரூபாய், மூன்று மாதத்தில் 10,000 ஃபாலோயர்கள் என்கிறார். கடையின் வாட்ஸ்அப் நம்பரையும் கேட்கிறார். கொடுக்கலாமா? வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் ஜிஎஸ்டி எடுத்தே ஆகவேண்டுமா?

பதில்: நம்பரைக் கொடுக்காதீர்கள். பக்கம், நம்பர், கூகுள் மேப்பில் கடையின் இடம் இவை மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் போனில் அமையும்வரை அவருக்கு முன்பணமும் வேண்டாம்.

அந்த 10,000 பேர் யார் தெரியுமா? பெரும்பாலும் காசு கொடுத்து மொத்தமாக வாங்கப்படும் கணக்குகள். இன்ஸ்டாகிராம் ஒரு பதிவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் நின்று பார்த்தால் மேலும் பலருக்குக் கொண்டுபோகும். ஆளில்லாத கணக்குகள் எதையும் பார்க்காது. ஆகவே உங்கள் பதிவு உண்மையான வாடிக்கையாளருக்கும் போய்ச் சேராது. ஜமக்காளம் வாங்கக்கூடிய 300 பேர் இருந்தால் போதும், வியாபாரம் நடக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பக்கம் யார் கையில் என்பது. ஏஜென்ட் தன் கணக்கிலிருந்து உங்கள் கடைப் பெயரில் பக்கம் தொடங்கினால், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கணக்குப்படி அது அவருடையது. இரண்டு வருடம் கழித்து மனக்கசப்பு வந்தால் பக்கமும் படங்களும் வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகளும் அவரோடு போய்விடும். போனில் கூப்பிட்டு முறையிடலாம் என்றால், சின்னக் கடைக்காரர் கூப்பிட அங்கே நம்பரே கிடையாது. இத்தனை பேரிடம் விளம்பரக் காசு வாங்கும் நிறுவனம் இதைக்கூடச் செய்யாமல் இருப்பது அநியாயம். எனவே உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்கிலிருந்து நீங்களே பக்கத்தைத் தொடங்குங்கள். பிறகு ஏஜென்டுக்குப் பதிவு போடவும் பதில் சொல்லவும் மட்டும் பகுதி அனுமதி கொடுங்கள். முழு அனுமதி உங்களிடமே இருக்கட்டும். விளம்பரக் கணக்கும் அப்படியே, உங்கள் கார்டு அல்லது யுபிஐயில் இருக்கட்டும். அவர் கணக்கில் ஓடினால் 12,000-இல் விளம்பரத்துக்கு எவ்வளவு போனது, அவர் பைக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியவே வராது. விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். உங்களுக்கு விற்பனை நடக்கப்போவது இங்கேதான். புது சிம் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போடுங்கள், இலவசம். ஒரே நம்பர் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் ஓடாது, அதனால்தான் தனி சிம். கேட்டலாக்கில், அதாவது ஆப்பிலுள்ள பொருள் பட்டியலில், 500 பொருள்வரை போடலாம். ஒவ்வொன்றுக்கும் அடிக்கணக்கில் அளவு, எடை, கூரியர் சேர்த்த விலை, சாயம் போகுமா, எப்படித் துவைப்பது என்று எழுதுங்கள். காலை வெளிச்சத்தில் தரையில் விரித்து ஒருவரை மேலே உட்காரவைத்து எடுத்த படம் அளவைச் சட்டென்று உணர்த்தும். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடைக்கு வருகிறவரிடம் பில் போடும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லுங்கள்.

கேட்டலாக் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டால் அது கணக்கையே கைமாற்றும் எண். யாருக்கும் சொல்லக்கூடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். ஏஜென்டின் லேப்டாப் அதில் இருந்தால் உங்கள் பேச்சு முழுவதையும் அவர் படிக்கிறார். உடனே நீக்குங்கள்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் கட்டணமே கிடையாது. கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் கடை மறைந்துவிடும் என்று வரும் போன்கள் மோசடி. ஆனால் ஒன்று: மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம், கடை மூடப்பட்டது என்றுகூட. மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கடையில் ஒருவர், போனில் ஒருவர் என்று விற்றால் ஒரே ஜமக்காளம் இருவருக்கு விலைபோகும். கூகுள் ஷீட்டில் பொருளின் நம்பர், அளவு, நிறம், இருப்பு என நான்கு பத்தி போதும். உங்கள் வீட்டாரின் மின்னஞ்சலுக்கு மட்டும் பகிருங்கள். லிங்க் உள்ள எவரும் திருத்தலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இனி ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை 40 லட்சம்வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரைதான். கொச்சிக்கோ பெங்களூருவுக்கோ ஒரே ஒரு பொருள் விற்றாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, பலர் சொல்லித் தருவதில்லை. பெரும்பகுதி கையால் செய்த, அரசு அறிவித்த கைவினைப் பட்டியலில் உள்ள பொருளென்றால் 20 லட்சம்வரை பதிவில்லாமல் வெளி மாநிலத்துக்கு விற்கலாம். அந்த 20 லட்சம் என்பது கடை விற்பனை, வெளியூர் விற்பனை எல்லாம் சேர்த்த மொத்தம். பான் எண் வேண்டும். விசைத்தறிச் சரக்கைக் கைத்தறியோடு கலந்து அனுப்பினால் விலக்கு போய்விடும். அமேசான், ஃபிளிப்கார்ட் வழியாக வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்குக்கும் இது பொருந்தாது.

இதில் எரிச்சலூட்டும் இடம் இ-வே பில், அதாவது சரக்கு அனுப்புமுன் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. சாதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் அது தேவை. இந்த விலக்கில் வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறவருக்கோ மதிப்பு எவ்வளவு குறைவானாலும் வேண்டும். 900 ரூபாய் ஜமக்காளத்துக்கும் ஒரு பில்! சின்னவருக்கு உதவ என்று கொடுத்த விலக்கைச் சின்னவர் பயன்படுத்தவே முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். மாதம் நாலைந்து பார்சல் என்றால் விலக்கில் இருங்கள். தினமும் போகிறது என்றால் பதிவு எடுப்பதே நிம்மதி. ஜிஎஸ்டி தளத்தில் பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவுமில்லை. உங்கள் சரக்கின் எச்எஸ்என் எண்ணை (ஜிஎஸ்டியில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) ஆடிட்டரிடம் காட்டி, அது பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பார்சலை உருட்டிக் கட்டாதீர்கள், மடித்துக் கட்டுங்கள். கூரியர்கள் பருமனுக்கும் காசு வாங்கும்: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொள்வார்கள். 120-20-20 சுருள் 9.6 கிலோவாகும், அதே ஜமக்காளம் 40-30-12 கட்டாக 2.9 கிலோதான். பணம் வந்துவிட்டது என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே பார்சலை ஒட்டுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த ஏஜென்டை வைத்துக்கொள்ள விரும்பினால், மாதச் சம்பளம் பேசாமல் வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தறியில் நாடா (ஊடுநூலைக் கொண்டுபோகும் கருவி) ஓடுவதை, சத்தத்தோடு, 20 விநாடிக்கு எடுக்கட்டும். ஜமக்காளம் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருள், பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இவற்றை ஒவ்வொரு வீடியோவின் கீழும் எழுதச் சொல்லுங்கள். விசைத்தறியில் ஓட்டி பவானி பெயரில் விற்பவர்களால் அந்தத் தறியைக் காட்ட முடியாது.